பெயருக்கு என்ன விலை?

முன்னுரை

நாம் அன்றாடம் விலை கொடுத்து வாங்கும் பொருள்கள் எத்தனையோ. அரிசியை நிறுத்து வாங்குகிறோம். துணியை அளந்து வாங்குகிறோம். வாழைத்தாரை ஏலத்தில் எடுக்கிறோம். இவற்றை எல்லாம் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஆனால் நிறுக்கவும் அளக்கவும் முடியாத ஒரு பொருள் இன்று உலகச் சந்தையில் விற்பனையாகிறது. அதுதான் பெயர். அதாவது, கணிப்பொறியிலும் கைபேசியிலும் ஒரு பக்கத்தைத் திறப்பதற்கு நாம் தட்டச்சு செய்கிறோமே, 'டாட் காம்' என்றும் 'டாட் இன்' என்றும் முடியும் இணையப் பெயர். 'டொமைன்' என்று கடைத்தெருவில் சொல்வது இதைத்தான்.

இப்பெயர்களைச் சிலர் கோடிக்கணக்கில் விற்றிருக்கிறார்கள் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். படித்தவுடன் நம் மனத்திலும் ஓர் ஆசை எழுகிறது. நாமும் ஒரு நல்ல பெயரைப் பதிந்து வைத்து ஏலம் விட்டால் என்ன? இவ்வாசை எவ்வளவு தூரம் மெய்யாகும்? அதில் நன்மை எது, தீமை எது? எங்கள் வகுப்பு மாணவியர் நால்வர் இவ்வாண்டு இதனைப் படித்தும் நேரில் முயன்றும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

எண்ணும் பெயரும்

இணையத்தில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் உண்டு. அது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களின் தொகுதி. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். (இப்போது இதனினும் நீண்ட எண்களும் வழக்கில் வந்துவிட்டன.) இயந்திரத்துக்கு எண் போதும். மனிதர்க்கு அது போதாது. நம் உறவினர் அனைவரின் தொலைபேசி எண்ணையும் நாம் மனப்பாடம் செய்வதில்லை. 'அத்தை', 'பெரியப்பா' என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். அதுபோலத்தான் எண்ணுக்குப் பதில் பெயர் வந்தது.

தொடக்க நாளில், அமெரிக்காவில் எந்தக் கணிப்பொறிக்கு எந்தப் பெயர் என்ற பட்டியலை ஒரே ஓர் அலுவலகம் வைத்திருந்தது. அவ்வலுவலகத்தை 1972 முதல் 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்னும் பெண்மணி என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தி. பெயர் வேண்டியவர்கள் அவருடைய அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். கணிப்பொறிகள் பெருகவே, ஒரே பட்டியலால் சமாளிக்க முடியாமற் போயிற்று. 1983-ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பெயர்களை நிரல்படப் பங்கிட்டு வைக்கும் முறையை வகுத்தார். அம்முறையே இன்றும் நடக்கிறது. வணிகர்க்கு 'டாட் காம்', கல்விக்கூடங்களுக்கு 'டாட் எடு' என்று வகைகள் ஏற்பட்டன. 1985 மார்ச் 15-ஆம் நாள் சிம்பாலிக்ஸ் என்ற கணிப்பொறி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. இன்று டாட் காம் பெயர்கள் மட்டும் பதினைந்து கோடிக்கும் மேல்.

நம் நாட்டுக்குரிய 'டாட் இன்' 1989-இல் ஏற்பட்டது. 2005-இல் பொதுமக்கள் அனைவருக்கும் தாராளமாகத் திறந்துவிடப்பட்டது. 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் 'இலங்கை', 'இந்தியா', 'சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்துக்களிலேயே முடியும் பெயர்களுக்கும் இடம் கிடைத்தது. நம் தாய்மொழி இணையத்தின் முகவரியிலும் ஏறிவிட்டது என்று மகிழலாம்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். இணையப் பெயரை 'வாங்கினேன்' என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அது வாங்குவது அன்று, குத்தகைக்கு எடுப்பது. ஓராண்டுக்கோ, சில ஆண்டுகளுக்கோ பணம் கட்டிப் பதிவு செய்கிறோம். தவணை முடிந்தால் மறுபடியும் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் சில நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். பிறகு கூடுதல் கட்டணத்துடன் மீட்டுக்கொள்ள 30 நாள் தருவார்கள். அதுவும் கடந்தால் பெயர் வேறொருவர் கைக்குப் போய்விடும். வயலைக் குத்தகைக்கு எடுத்தவர் பயிர் செய்யலாம். குத்தகையைக் கட்டாமல் வயலை வைத்துக்கொள்ள முடியுமா? அதுபோலத்தான்.

முற்காலத்தில் பெயர்கள் இலவசமாகவே கிடைத்தன. 1995 செப்டம்பர் முதல் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று கட்டணம் விதித்தார்கள். முதலில் கேட்டவருக்கு முதலில் என்பதே பதிவின் விதி. கேட்பவர் யார், அப்பெயர் அவருக்குப் பொருந்துமா என்று பதிவாளர் பெரும்பாலும் ஆராய்வதில்லை. இந்த ஒரு விதியிலிருந்துதான் நன்மையும் தீமையும் பிறந்தன.

கோடிக்குப் போன பெயர்கள்

'பிசினஸ் டாட் காம்' என்ற பெயரை 1997-இல் ஒருவர் ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கினார். இரண்டே ஆண்டில், 1999-இல், அது 75 லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 2019-இல் 'வாய்ஸ் டாட் காம்' 3 கோடி டாலருக்குக் கைமாறியது. இவற்றைக் கேட்கும்போது யாருக்கும் மலைப்புத்தான்.

நம் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள செய்தியும் உண்டு. ராஜேஷ் ஜெயின் என்பவர் 1995-இல் 'இந்தியா வேர்ல்ட்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். பிறகு செய்திக்குச் 'சமாச்சார்', விளையாட்டுக்குக் 'கேல்', சமையலுக்குப் 'பாவர்ச்சி', தேடலுக்குக் 'கோஜ்' என்று எளிய இந்தியச் சொற்களையே பெயராகக் கொண்ட தளங்களை நடத்தினார். 1999 நவம்பரில் சென்னையில் இயங்கிய சத்யம் இன்ஃபோவே நிறுவனம் அவற்றை எல்லாம் 499 கோடி ரூபாய்க்கு வாங்க உடன்பட்டது. நாடே வியந்தது. அடுத்த ஆண்டே இணைய நிறுவனங்களின் பங்கு விலை உலகெங்கும் சரிந்தது வேறு கதை.

ஆனால் தோழியரே, அங்கே விலைபோனது வெறும் பெயரா? நான்கு ஆண்டுகள் நாள்தோறும் செய்தி எழுதி, சமையற்குறிப்புத் தொகுத்து, வெளிநாட்டில் வாழும் இந்தியர் நம்பி வந்து படிக்கும்படி செய்த உழைப்பும் சேர்ந்தே விலைபோயிற்று. 'சமாச்சார்' என்ற சொல் அகராதியில் எல்லார்க்கும் பொது. அதைத் தேடி வரும் வாசகர் கூட்டந்தான் அவருக்கு உரிய செல்வம்.

ஏலம் நடக்கும் முறை

வாழைத்தார் ஏலத்தை நாம் பார்த்திருக்கிறோம். தார் கண்முன்னே கிடக்கும். சீப்பு எத்தனை, காய் தேறியதா என்று வியாபாரி தட்டிப் பார்ப்பார். ஏலம் கூறுபவர் விலையைச் சொல்ல, ஒருவர் கூட்டிக் கேட்பார். அடுத்தவர் அதற்குமேல் கேட்பார். மூன்று தரம் சொல்லி முடிப்பார்கள். தார் நாளைக்குள் விற்றாக வேண்டும்; இல்லையேல் பழுத்து அழுகிவிடும். ஆகையால் அன்றைய விலைக்கு அன்றே போகும்.

இணைய ஏலமும் ஏறக்குறைய இதே முறைதான். பெயரை வைத்திருப்பவர் ஏலம் நடத்தும் தளத்தில் அதனைப் பட்டியலிடுவார். தொடக்க விலை ஒன்று சொல்வார். இதற்குக் குறைந்தால் கொடுக்கமாட்டேன் என்ற அடிவிலையை மறைவாகக் குறிக்கவும் வழியுண்டு. சில நாள் கெடு இருக்கும். கடைசி நிமிடத்தில் ஒருவர் விலையைக் கூட்டினால், மற்றவர் பதில் சொல்ல வேண்டுமென்று கெடுவைச் சில நிமிடம் நீட்டுவதும் உண்டு. விலை படிந்தபின் வாங்குபவர் பணத்தை நடுவரிடம் செலுத்துவார். விற்பவர் பெயரை மாற்றிக் கொடுப்பார். பெயர் கைமாறியது உறுதியானதும் நடுவர் தம் கழிவை எடுத்துக்கொண்டு மீதியைத் தருவார். முன்பின் அறியாத இருவர் ஒருவரை ஒருவர் ஏமாற்றாதிருக்க இந்த நடுவர் ஏற்பாடு இன்றியமையாதது.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. வாழைத்தார் எல்லார்க்கும் பயன்படும். ஒருவர் வேண்டாம் என்றாலும் ஒன்பது பேர் வாங்குவார்கள். ஒரு பெயரோ அந்தப் பெயர் தேவைப்படும் ஒருவர்க்கே பயன்படும். அந்த ஒருவர் ஏலத்துக்கு வரவில்லையென்றால் கேட்பார் எவரும் இல்லை. கூட்டிக் கேட்பதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். முதல் ஆளே இல்லாத இடத்தில் ஏலம் எங்ஙனம் நடக்கும்?

எங்கள் முயற்சி

இதனை நாங்கள் நேரில் கண்டறியும் வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தைக்கு ஏரல் கடைவீதியில் பாத்திரக்கடை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நம் ஊர்ப் பெயரையும் தொழிலைக் குறிக்கும் ஒரு சொல்லையும் சேர்த்து டாட் காம் பெயர் ஒன்றை அவர் பதிந்து வைத்தார். வெளியூர்க்காரரும் பார்த்து வாங்கும்படி ஒரு தளம் அமைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வேலை மிகுதியால் அது தள்ளிப் போயிற்று. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையும் தாமிரபரணியில் வந்த வெள்ளமும் நாம் யாரும் மறக்கக்கூடியன அல்ல. ஆற்றுப்பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. கடைவீதிக்குள் தண்ணீர் புகுந்தது. அவர் கடையும் தப்பவில்லை. அதன்பின் தளமாவது ஒன்றாவது! கடையை மறுபடி நிறுத்துவதே பெரும்பாடாயிற்று.

இவ்வாண்டு மறுதவணை கட்டும் நாள் நெருங்கியபோது, "இதை ஏலத்துல விட்டா நாலு காசு வருமாமே, பார்த்துச் சொல்லுங்க பிள்ளைகளா," என்று எங்களிடம் கேட்டார். வரும் பணத்தில் மகளின் மேல்நிலை வகுப்புச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. எங்கள் கணிப்பொறி ஆசிரியை எங்களுக்குத் துணையாக இருந்தார். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய நம் நாட்டுச் சட்டம் இடம் கொடாது. ஆகையால் பட்டியலிட்டதும் கையொப்பமிட்டதும் மாமாதான். எழுத்து வேலை மட்டும் எங்களுடையது.

தொடக்க விலையாக 40,000 ரூபாய் குறித்தோம். ஏழு நாள் கெடு. நாள்தோறும் இடைவேளையில் போய்ப் பார்த்தோம். பார்வையிட்டவர் தொகை முதல் நாள் மூன்று. ஏழாம் நாள் பதினொன்று. அவற்றுள் பாதி நாங்களே திறந்து பார்த்தவையாக இருக்கும். விலை கேட்டவர் ஒருவரும் இல்லை. மறுபடியும் 10,000 ரூபாய்க்கு இறக்கி வைத்தோம். அப்போதும் இல்லை. "ஒரு தார் வாழைக்கு உள்ள மவுசுகூட இதுக்கு இல்லியேம்மா!" என்று மாமா சிரித்தார். சிரிப்புக்குள்ளே வருத்தம் இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை.

ஆசை காட்டிய கடிதம்

மூன்றாம் வாரத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளிநாட்டு வணிகர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர் அந்தப் பெயருக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு இணையான தொகை தருவதாக எழுதியிருந்தார். தோழியின் வீட்டில் அன்று இனிப்புக்கூட வாங்கிவிட்டார்கள். அடுத்த கடிதத்தில், "பெயரின் மதிப்பைச் சான்றளிக்கும் பத்திரம் ஒன்று எனக்கு வேண்டும், இன்ன இடத்தில் பணம் கட்டி வாங்கி அனுப்புங்கள், அத்தொகையையும் சேர்த்துத் தருகிறேன்," என்று இருந்தது. கட்ட வேண்டிய தொகை சுமார் 9,000 ரூபாய்.

மாமா பணத்துக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினார். ஆசிரியை எங்களை உட்காரவைத்து மூன்று கேள்விகளைக் கேட்டார். பத்தாயிரத்துக்குக் கிடைக்கும் பொருளுக்கு ஒருவர் ஏன் மூன்று லட்சம் தருகிறார்? பொருளின் மதிப்பு அறிய விரும்புபவர் செலவைத் தாமே செய்யாமல் ஏன் விற்பவர் தலையில் வைக்கிறார்? சான்று எந்த இடத்தில் வாங்க வேண்டும் என்பதையும் அவரே ஏன் குறிக்கிறார்? இம்மூன்று கேள்விக்கும் ஒரே விடைதான் பொருந்தியது. சான்று விற்பவரும் விலை பேசுபவரும் கூட்டாளிகள், அல்லது ஒருவரே! இத்தகைய ஏமாற்று இணையப் பெயர் வணிகத்தில் உலகெங்கும் நெடுநாளாக நடந்து வருவது என்பதையும் படித்து அறிந்தோம். "ஏல நடுவர் மூலமே பணம் செலுத்துங்கள், சான்று உங்கள் செலவில் வாங்கிக்கொள்ளுங்கள்," என்று மாமாவின் பெயரில் பதில் எழுதினோம். அதன்பின் அந்த வணிகரிடமிருந்து கடிதமே இல்லை. ஒன்பதாயிரம் தப்பியது.

வாங்கியவர் யார்?

பிறகு அந்தப் பெயர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏலத் தளத்தில் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், நம் ஊர்ப் பெயர் யாருக்குத் தேவைப்படும் என்று ஒருநாள் காகிதத்தில் எழுதிப் பார்த்தோம். நியூயார்க்கில் இருப்பவருக்கு ஏரல் எதற்கு? ஏரலில் கடை வைத்திருப்பவருக்கே தேவை! பட்டியலில் ஐந்து கடைகள் வந்தன. மாமா தாமே போய்ப் பேசினார். அதே வீதியில் உள்ள இளைஞர் ஒருவர், வெளியூர்களுக்குப் பொருள் அனுப்பும் வணிகம் தொடங்க இருந்தவர், வாங்கிக்கொள்ள இசைந்தார். பதிவுக்கும் மறுதவணைகளுக்குமாக மாமா அதுவரை செலவிட்டது 3,900 ரூபாய். விலை 3,500 ரூபாயில் முடிந்தது. "அவன் இப்பத்தான் தொடங்குதான், நானூறு ரூபா போனாப் போகுது," என்றார் மாமா.

மேல்நிலை வகுப்புச் செலவுக்கு அது போதாதுதான். ஆயினும் ஆண்டுதோறும் கட்டிவந்த தண்டச்செலவு நின்றது. பயன்படாமற் கிடந்த பெயருக்கு உழைப்பவர் ஒருவர் கிடைத்தார். உலக ஏலத்தில் கிடைக்காத ஆள், கூப்பிடு தூரத்தில் இருந்தார்.

பிறர் பெயரைப் பிடித்து வைக்கலாமா?

இதைக் கேட்ட எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, "அப்படியானால் பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரைப் பதிந்து வைத்தால் அவர்கள் கட்டாயம் வாங்க வருவார்கள் அல்லவா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதே. பலர் அவ்வாறு செய்தும் இருக்கிறார்கள்.

1994-இல் ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர், புகழ்பெற்ற உணவு நிறுவனமான மெக்டொனால்ட்ஸின் பெயரைத் தாம் பதிந்துகொண்டார். இணையத்தின் அருமை பெரிய நிறுவனங்களுக்கே தெரியவில்லை என்று கட்டுரை எழுதிக் காட்டுவதற்காக அவர் செய்தது அது. பின்னர் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். தமக்கென்று எதுவும் பெறாமல், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் உள்ள ஒரு பள்ளிக்கு இணைய வசதி செய்ய அந்நிறுவனம் 3,500 டாலர் கொடுக்கும்படி செய்தார். பள்ளிப் பிள்ளைகளாகிய நமக்கு இது இனிய செய்தி. ஆனால் எல்லாரும் அவரைப் போன்றவர் அல்லர்.

நம் நாட்டு வழக்கு ஒன்று சட்ட நூல்களில் இடம்பெற்றுள்ளது. மேலே கூறிய சத்யம் இன்ஃபோவே, தன் இரு சொற்களின் எழுத்துக்களைக் கூட்டிச் 'சிஃபி' என்று ஒரு புதுச்சொல் புனைந்து, 1999-இல் அதனை அடியாகக் கொண்ட இணையப் பெயர்களைப் பதிந்தது. 2001-இல் வேறொரு நிறுவனம் ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக வைத்து, கேட்டால் ஒன்றுபோல் ஒலிக்கும் பெயரைப் பதிந்து வணிகம் செய்தது. பெங்களூர் நீதிமன்றம் முதல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. இறுதியில் 2004 மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முதல் நிறுவனத்துக்கே உரிமை என்று தீர்த்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூமா பால் என்னும் பெண்மணி. இணையப் பெயர் வெறும் முகவரி மட்டும் அன்று; வணிகச் சின்னத்தைப் போலவே அது ஒருவரின் நற்பெயரைத் தாங்குவது; பிறர் சரக்கைத் தம் சரக்கு என்றோ தம் சரக்கைப் பிறர் சரக்கு என்றோ மயங்கச் செய்வது தகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2024-இலும் ஒரு செய்தி பலரும் பேசும்படி ஆயிற்று. இரண்டு பெரிய நிறுவனங்கள் இணையக்கூடும் என்று முன்னரே ஊகித்து, இரண்டின் பெயரையும் ஒட்டி வைத்து டில்லி இளைஞர் ஒருவர் பதிந்துகொண்டார். தம் வெளிநாட்டுப் படிப்புச் செலவை ஏற்றால் தருவதாக வெளிப்படையாக எழுதினார். பின்பு துபாயில் வாழும் சிறுவர் இருவர் கைக்கு அது போயிற்று. அவர்கள் அதனை அந்நிறுவனத்துக்கு இலவசமாகவே கொடுக்க முன்வந்தார்கள். படிப்புக்காக ஏங்கிய இளைஞர் மீது இரக்கம் உண்டாகிறது. ஆயினும் அவர் விற்க முயன்ற பெயருக்கு மதிப்பு உண்டாக்கியவர் அவர் அல்லர் என்பதையும் மறுக்க இயலாது. முன்னறிவு வேறு, உழைப்பு வேறு. இதில் எங்கள் நால்வருக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. நீங்களும் வீட்டில் பெற்றோருடன் கலந்து பேசிப் பாருங்கள்.

இத்தகைய தகராறுகளைத் தீர்க்க 1999-இல் உலக அளவிலும், 2005-இல் டாட் இன் பெயர்களுக்கென நம் நாட்டிலும் தனி விதிமுறைகள் வகுக்கப்பட்டன. பெயர் பிறர் சின்னத்தை ஒத்திருக்கிறதா, அதன்மேல் பதிந்தவருக்கு நியாயமான உரிமை உண்டா, கெட்ட எண்ணத்தோடு பதியப்பட்டதா என்பவற்றை ஆராய்ந்து, தவறு என்று கண்டால் பெயரைப் பறித்து உரியவரிடம் ஒப்படைப்பார்கள். ஆகவே பிறர் பெயரைப் பிடித்து வைத்துப் பணக்காரர் ஆகலாம் என்று கனவு காண்பவர், பணமும் போய்ப் பெயரும் போய் நிற்க நேரிடும்.

விற்க முடியாத பெயர்கள்

ஏலத்தில் விடவே முடியாத பெயர்களும் உண்டு. அவை நம் அருகிலேயே இருக்கின்றன. ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இல் பெற்றது. பத்தமடைப் பாய் அவற்றுக்கும் முன்பே பெற்றுவிட்டது. ஒரு மண்ணின் தன்மையாலும் அங்குள்ள மக்களின் கைத்திறத்தாலும் சிறப்புப் பெற்ற பொருளுக்கு அம்மண்ணின் பெயரையே காப்பாக்குவது இச்சட்டத்தின் நோக்கம்.

இதில் வியக்கத்தக்க விதி ஒன்று உண்டு. இப்பெயரை எந்தத் தனி மனிதரும் விற்கவோ, அடகு வைக்கவோ, வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கவோ முடியாது. ஆத்தூர் வெற்றிலை என்ற பெயர் கொடிக்கால் வைத்துப் பாடுபடும் அத்தனை பேருக்கும் பொது. கொடிக்கால் உள்ளவரை பெயர் உண்டு. எத்தனை கோடி கொடுத்தாலும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. இணையப் பெயரையும் இதனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பணம் கட்டியவருக்குக் குத்தகை. மற்றது பாடுபட்டவர்களுக்குப் பரம்பரைச் சொத்து.

நினைவிற் கொள்ள வேண்டியவை

இணையப் பெயர் பதிய விரும்பும் பெற்றோர்க்கும், நாளை பதியப்போகும் தோழியர்க்கும் நாங்கள் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. பயன்படுத்துவதற்காகப் பெயரைப் பதியுங்கள். விற்பதற்கென்று மட்டும் பதிந்தால் ஆண்டுதோறும் செலவு உறுதி, வரவு உறுதியன்று.

2. பெயர் சிறியதாகவும், சொன்னவுடன் எழுதக்கூடியதாகவும் இருக்கட்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போது பலவாறு எழுத இடமுள்ள சொல்லைத் தவிர்ப்பது நல்லது.

3. பதிவைச் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் செய்யுங்கள். தளம் அமைத்துக் கொடுப்பவர் தம் பெயரில் பதிந்துவிட்டால் பின்னால் தொல்லை.

4. முதல் ஆண்டுக் கட்டணம் குறைவாக இருக்கலாம். அடுத்த ஆண்டு எவ்வளவு என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தவணை நாளை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

5. விற்கும்போது, நடுவர் வழியாகப் பணம் வந்தது உறுதியாகும்வரை பெயரை மாற்றிக் கொடுக்காதீர்கள். விற்பவரிடமே முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விடலாகாது என்பது ஆற்றங்கரையில் வாழும் நமக்குப் பிறர் சொல்லத் தேவையில்லை.

6. பிறர் உழைத்துத் தேடிய பெயரைப் பதிய வேண்டா.

முடிவுரை

நமக்கு அருகிலேயே கொற்கை இருக்கிறது. இன்று அங்கே துறைமுகம் இல்லை. கடலும் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆயினும் கொற்கை என்றவுடன் முத்தும் பாண்டியரும் நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்தப் பெயரை யாரும் பதிந்து வைக்கவில்லை, ஆண்டுக்கட்டணம் கட்டவுமில்லை. முத்துக்குளித்தவர்களும் கலம் செலுத்தியவர்களும் சேர்த்து வைத்த புகழ் அது.

இணையப் பெயர் என்பது நல்லதொரு கருவி. அதனைப் பெறுவது எளிது. ஆயிரம் ரூபாய் அளவிலேயே பெறலாம். அதனுள் இடவேண்டிய உழைப்பும் நேர்மையுமே அரியவை. அவை இருந்தால் பெயருக்கு விலை தானே வரும்; வராவிட்டாலும் நாம் இழப்பது ஒன்றுமில்லை. அவை இல்லாத பெயருக்கு எந்த ஏலத்திலும் ஆள் வருவதில்லை. பத்தாம் வகுப்பை முடித்து வெவ்வேறு திசையில் செல்லவிருக்கும் நாம் ஒவ்வொருவரும், நம் பெயரை விலை சொல்ல முடியாத பெயராக ஆக்கிக்கொள்ள முயல்வோமாக!

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு